பக்கவாதத்துக்குப் பின் வீட்டில்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஆறு, பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதைப் பற்றியே இருந்தன. ஆறும் காவிரிப் பாசனப் பகுதிக் குடும்பங்களிலிருந்து வந்தவை. அரசு மருத்துவமனை வார்டுகளில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையிலும், பக்கவாதத்தில் படுத்த என் மாமியாரை நான்கு ஆண்டுகள் வீட்டில் பார்த்தவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். மருந்தையும் அதன் அளவையும் நோயாளியைப் பார்த்த மருத்துவரே சொல்ல வேண்டும். நான் எழுதுவது வீட்டு ஏற்பாட்டைப் பற்றி.

கேள்வி: மன்னார்குடியை அடுத்த ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 68. இரண்டு வாரங்களுக்கு முன் விடியற்காலையில் வலக் கையும் வலக் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் குழறியது. தஞ்சாவூரில் சேர்த்தோம். மூளையின் இடப் பக்கத்தில் ரத்தக்கட்டி அடைத்திருப்பதாகச் சொன்னார்கள். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள். பிடித்துக்கொண்டால் உட்காருகிறார், நிற்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்கள் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவும், இரண்டு சிறு பிள்ளைகளோடு இருக்கும் அண்ணியும்தான். ஏஜென்சி மூலம் இருபத்து நான்கு மணி நேரமும் தங்கும் ஹோம் நர்ஸ் ஒருவரை வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றையும் வாங்கிப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். இது போதுமா? — ஒரு மகள், சென்னை

பதில்: அண்ணன் சொல்லும் இரண்டும் உங்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு இந்த வாரம் மட்டுமே கையில் இருக்கிறது. வீட்டில் அப்பாவைத் தொட்டுப் பார்க்கப்போகும் ஒவ்வொருவரும், அதாவது அம்மா, அண்ணி, வரப்போகும் ஆள் எல்லோரும், அவரைப் புரட்டுவது, உட்கார வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது ஆகிய நான்கையும் வார்டில் இருக்கும்போதே, செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் பக்கத்தில் நிற்க, ஒருமுறையேனும் தம் கையால் செய்து பார்த்துவிட வேண்டும். வார்டில் எங்களுக்கு நேரம் கிடைப்பது அரிது என்பது உண்மை. இருந்தாலும் "எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று ஒருவர் வந்து நின்றால் மறுத்த செவிலியரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்காமலே வண்டி ஏற்றிக்கொண்டு போனவர்கள்தான் பத்தே நாளில் படுக்கைப் புண்ணோடும் நெஞ்சுச் சளியோடும் திரும்ப வந்தார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் மருத்துவரிடம் சில விஷயங்களைக் கேட்டு, அதன் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தார்களா, எந்தப் பக்குவத்தில் உணவு கொடுக்கலாம்? ரத்த அழுத்தம் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை எவ்வளவு காலம்? அடுத்த பரிசோதனை எப்போது, எந்த நாள் எந்தப் பிரிவு? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் நடக்க முடியாத ஒருவரைத் தவறான நாளில் நாற்பது கிலோமீட்டர் கொண்டுவந்து திருப்பி அழைத்துச் சென்ற குடும்பங்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது வீடு. திண்ணை, நிலைப்படி, தாழ்வாரம், முற்றம், கொல்லைப்புறத்தில் கழிப்பறை என்று இருக்கும் நம் பழைய வீடுகள் இந்த நோய்க்கு ஏற்றவை அல்ல. தெருவுக்கு அருகில், காற்றும் வெளிச்சமும் வரும், வீட்டார் நடமாடும் இடத்தில் அப்பாவின் கட்டில் இருக்கட்டும். பின்கட்டில் தனி அறை ஒதுக்குவதை மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். பேச்சு திரும்ப வேண்டியவருக்கு அது தனிமைச் சிறை ஆகிவிடுகிறது. கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படி இருந்தால் போதும். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் வசதியானது, ஆனால் முதல் சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். அப்பாவுக்கு இடப் பக்கம் நன்றாக இருப்பதால், அவர் இறங்கும் பக்கம் இடப் பக்கமாக அமையும்படி கட்டிலைப் போடுங்கள். நாற்காலியையும் அந்தப் பக்கமே வையுங்கள். கொல்லைக் கழிப்பறைக்கு இப்போதைக்கு அவரை நடத்திச் செல்ல நினைக்காதீர்கள். கட்டிலுக்கு அருகில் வைக்கும் கமோட் நாற்காலி ஒன்று போதும். வாசற்படியில் வீல் சேருக்குச் சரிவு கட்டுவதானால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. கொத்தனார் நான்கடியில் கட்டிக் கொடுத்தால் அதில் வண்டியை ஏற்றவும் முடியாது, இறக்கும்போது பிடிக்கவும் முடியாது.

படுத்த நிலையில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்கூட. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினமும் துடைக்கும்போது உற்றுப் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காத இடம் இருந்தால் அதுவே புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அதன்மேல் பாரம் விழாமல் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் நல்லது, ஆனால் அது மின்சாரத்தில் ஓடுவது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தை மனத்தில் வைத்து, மின்சாரம் வேண்டாத வாட்டர் பெட்டோ தடித்த பஞ்சு மெத்தையோ மாற்றாக இருக்கட்டும். ஒரு மாதத்துக்கான மாத்திரையும் முன்கூட்டியே வீட்டில் இருக்கட்டும். எந்த மெத்தை போட்டாலும் புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து விடுதலை கிடையாது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது அந்த வலத் தோளைப் பற்றி. செயலற்ற கையின் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசை தளர்ந்திருப்பதால், கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் மூட்டு நழுவும். என் மாமியாருக்கு ஏஜென்சி அனுப்பிய ஆள் முதல் வாரத்திலேயே அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். அந்தத் தோள்வலி எட்டு மாதம் இருந்தது. காலில் வலு வந்த பிறகும் வலிக்குப் பயந்து அவர் பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை. வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை; நானும் கேட்டுப் பார்க்காமல் விட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: வேலைக்கு வருபவரை அமர்த்தும் முன், "அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். இடுப்பைச் சுற்றி மடித்த துண்டையோ பெல்ட்டையோ கட்டி, அதைப் பிடித்து, அவருடைய முழங்காலுக்குத் தம் முழங்காலால் முட்டுக்கொடுத்து எழுப்புபவர் வேலை தெரிந்தவர். படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் வலக் கைக்கு அடியில் தலையணை வைத்துத் தாங்கல் கொடுங்கள். சட்டை போடும்போது வலக் கையை முதலில் நுழையுங்கள்; கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

ஹோம் நர்ஸ் என்ற பெயரில் வருபவர்கள் எல்லோரும் செவிலியர் படிப்பு படித்தவர்கள் அல்லர். படித்தவர் என்று சொல்லி அதற்கேற்ற கட்டணம் கேட்டால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியானால் பொறுமையும் உடல் வலுவும் உள்ள, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் உதவியாளர் போதும். அடையாள அட்டையின் நகல், சம்பளம், வார விடுப்பு, எந்தெந்த வேலை என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒரே ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து புரட்டுபவர் பகலில் தூங்கியே ஆக வேண்டும். பகலுக்கு ஓர் ஆள் வைத்து, இரவில் மூன்று முறை எழுவதை வீட்டார் பங்கிட்டுக்கொள்வது பல குடும்பங்களில் நன்றாக நடந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் ஆள் வைக்கும் செலவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிசியோதெரபியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் முன்னேற்றம் மிக வேகமாக இருப்பது முதல் மூன்று மாதங்களில். ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருவதோடு, பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதாரச் செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டாரம் முழுவதற்கும் போக வேண்டியவர் என்பதால் தினமும் வரமாட்டார். அவர் சொல்லிக் கொடுப்பதைத் தினமும் காலையும் மாலையும் செய்ய வைப்பது வீட்டார் வேலை. அவர் வரும் நாளில் பயிற்சிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து உங்களுக்கும் அண்ணனுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி நான் எழுதப்போவது அண்ணனுக்கும் உங்களுக்கும் சற்றுக் கசப்பாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆள் வராத நாளில், ஆள் சொல்லாமல் நின்றுவிட்ட வாரத்தில், நள்ளிரவில் படுக்கை நனைந்தால் எழப்போவது அவர்தான். அவரிடம் யாரேனும் "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டீர்களா? இந்த ஏற்பாட்டை முடிவு செய்வதற்கு முன் அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சிங்கப்பூரிலிருந்து பணம் வருவது பெரிய உதவி; அதோடு நில்லாமல் மாத்திரை தீரும் தேதி, பரிசோதனை நாள், ஏஜென்சியோடு பேச்சு, கணக்கு இவற்றை அண்ணன் தொலைவிலிருந்தே ஏற்க முடியும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நீங்கள் ஊருக்கு வந்து, அண்ணி பிள்ளைகளோடு தன் தாய் வீட்டுக்குப் போய்வர வழி செய்யுங்கள். நான்கு ஆண்டுகளில் என் நாத்தனார் எனக்குச் செய்த உதவிகளில் நான் மறக்காதது அப்படிப்பட்ட இரண்டு நாள்களைத்தான்.

கடைசியாக, அப்பாவால் செய்ய முடிவதை அவரையே செய்ய விடுங்கள். இடக் கையால் சாப்பிடுவதை நம் வீடுகளில் மனம் ஒப்புவதில்லை. அகலமான பிடி உள்ள ஸ்பூனும் விளிம்பு உயர்ந்த தட்டும் வாங்கிக் கொடுத்து, சிந்தினாலும் பரவாயில்லை என்று காத்திருங்கள். அம்மா ஊட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். அவர் தானே சாப்பிட்டால் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் பயிற்சிதான்.

கேள்வி: திருவாரூர் அருகே எங்கள் வீட்டில் மாமியாருக்கு மூக்கு வழியே குழாய் போட்டு ஒரு மாதம் ஆகிறது. "வாய்க்கு ருசியாக ஒரு வாய் ரசஞ்சாதம்கூடக் கொடுக்காமல் பட்டினி போடுகிறாள்" என்று பார்க்க வருபவர்கள் என்னைச் சொல்கிறார்கள். ஒருநாள் நாத்தனார் காபி கொடுத்தார், புரை ஏறி மிகவும் சிரமப்பட்டார். குழாயை எப்போது எடுக்கலாம்? — ஒரு மருமகள்

பதில்: நீங்கள் செய்வது சரி. விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காதபோது வாயில் ஊற்றுவது உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். அதனால் வரும் நிமோனியாதான் பக்கவாத நோயாளிகளைத் திரும்ப மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முக்கியக் காரணங்களில் ஒன்று. இதில் நாம் எண்ணுவதற்கு மாறான ஒரு செய்தி உண்டு: இவர்களுக்கு மிக ஆபத்தானது தண்ணீர், காபி போன்ற நீர்த்த பொருள்களே, ஏனென்றால் அவை தொண்டையில் வேகமாக ஓடிவிடுகின்றன. ரசஞ்சாதம்போல நீரும் பருக்கையுமாகக் கலந்திருப்பதும் கடினம். குழைய மசித்து, ஒரே பக்குவத்தில் கெட்டியாக இருப்பதையே முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். இருமல் வரவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சிலருக்கு இருமலே இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். ஆகையால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, விழுங்கும் திறனைச் சோதிக்கும்படி கேளுங்கள். அதன் பிறகே குழாயை எடுக்கும் பேச்சு.

அதுவரை குழாயில் ஊற்றும்போது தலைப்பக்கம் நன்கு உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை அப்படியே இருக்க வேண்டும். வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் ஆகியவற்றை ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிக்கு மிகாமல் மெதுவாக இறங்க விட்டு, கடைசியில் கொஞ்சம் வெந்நீர் ஆறியதை ஊற்றிக் குழாயைக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயில் உள்ள அடையாளம் நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள், நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது. எல்லா மாத்திரையையும் பொடிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். வாயால் சாப்பிடாதவருக்கும் காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்கிவிட வேண்டும். வாயில் சேரும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது.

உறவினர்களிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. மருத்துவர் கையால் "வாய் வழியே எதுவும் கொடுக்கக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாதவர்கள் அந்தத் தாளுக்குக் கட்டுப்படுவார்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்திய என் கணவருக்கு வயது 57. ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், ஆனால் நான்கைந்து சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. யாராவது வந்தால் தேம்பி அழுகிறார். சில சமயம் என்மீது தட்டை எறிகிறார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். — ஒரு மனைவி

பதில்: புத்தி பேதலிக்கவில்லை, அம்மா. மூளையின் இடப் பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குச் சொல் எடுக்கும் திறன்தான் போகிறது. நினைவும் மானமும் மனிதர்களை அடையாளம் காணும் அறிவும் அப்படியே இருக்கக்கூடும். முப்பது ஆண்டுகள் வாடிக்கையாளர்களோடு பேசியே பிழைத்த ஒருவருக்கு, தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வேறு சொல் வாயில் வரும்போது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் எறியும் தட்டு உங்கள்மேல் விழுந்தாலும் கோபம் உங்கள்மேல் இல்லை. ஆனால் அதை நீங்கள் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். எறிந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், சற்று நேரம் கழித்து அமைதியாகப் போங்கள்.

அழுகையில் இரண்டு வகை உண்டு. அற்பக் காரணத்துக்கும் பொங்கி, ஒரு நிமிடத்தில் தானே நின்றுவிடும் அழுகை, உணர்ச்சியை அடக்கும் மூளைப் பகுதி பழுதானதால் வருவது. அப்போது "அழாதீங்க" என்று எல்லோரும் சூழ்ந்துகொள்ளாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் அடங்கும். மற்றது உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. தூக்கம் இல்லை, சாப்பாட்டில் நாட்டம் இல்லை, பயிற்சிக்கு எழ மறுக்கிறார் என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து உண்டு. அடுத்த பரிசோதனையில் கை, காலைப் பற்றி மட்டும் சொல்லாமல் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். வீட்டில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும், நேருக்கு நேர் அமர்ந்து, சிறிய வாக்கியமாகப் பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்பதைவிட "காபியா, மோரா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பதிலுக்கு அரை நிமிடமாவது காத்திருங்கள், அவர் சொல்ல வந்ததை முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் பேச முடியாதவர்களில் சிலர், சிறுவயதில் மனப்பாடமான பதிகத்தையோ பாட்டையோ தடையில்லாமல் பாடுவார்கள். ஒன்று முதல் இருபது வரை எண்ணுவார்கள். என் மாமியார் முதன்முதலில் தெளிவாகச் சொன்னது வாய்ப்பாடுதான். மாலையில் விளக்கேற்றும்போது அவர் அறிந்த பாட்டை நீங்கள் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊரில், புறா ரத்தம் தேய்த்தால் பக்கவாதம் போகும் என்கிறார்கள். எண்ணெய் வைத்தியத்துக்கு ஒரு மாதம் கொண்டுபோய் விடவும் சொல்கிறார்கள். தம்பிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. செய்யலாமா? — ஓர் அக்கா

பதில்: புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. பழுது மூளையில் இருக்கிறது. தோலின்மேல் பூசுவது அங்கே போகாது. கை, கால் தானாகத் தேறும் நாள்களில் எதைப் பூசினாலும் அதனால் தேறியதாகத்தான் தோன்றும், இந்த நம்பிக்கை இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் அதுவே. எண்ணெய் தேய்ப்பது வேறு விஷயம். மிதமான சூட்டில் மெதுவாகத் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, உடம்புக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் உணர்ச்சியற்ற கைக்குச் சூடு தெரியாது. உப்பு ஒத்தடத்திலும் சுடுமணல் முடிச்சிலும் தோல் வெந்து கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். மூட்டை மடக்கி நெட்டி முறிப்பதும் கூடாது. எதைச் செய்தாலும் பிசியோதெரபி நிற்கக் கூடாது, மாத்திரை ஒருவேளைகூட விடுபடக் கூடாது. மூன்று வாரம் என்பது மிக அருமையான காலம், அதில் ஒரு மாதத்தை வெளியூரில் படுக்க வைத்துக் கழித்துவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால், அரசு மருத்துவமனையில் உள்ள சித்தப் பிரிவில், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவருக்கு எல்லாக் கஷாயமும் ஒத்துக்கொள்ளாது.

தம்பிக்கு மறுபடியும் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் ஓடாமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவரைக் கடைசியாக நன்றாக இருக்கப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

கேள்வி: பாபநாசத்தில் இருக்கும் என் தந்தை ஓய்வூதியம் பெறுபவர். வலக் கை செயலிழந்ததால் கையெழுத்துப் போட முடியவில்லை. வங்கியில் பணம் எடுக்கவே சிரமமாக இருக்கிறது. — ஒரு மகன்

பதில்: கையெழுத்திட முடியாத நோயாளி, விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலிலேயே இடம் உண்டு. வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றோடு மேலாளரை நேரில் பார்த்து எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றுக்கு அவரைத் தூக்கிச் செல்ல வேண்டாம். தபால்காரர் வழியாக வீட்டிலிருந்தே மின்னணு முறையில் கொடுக்கலாம். நிலைமை ஓரளவு உறுதிப்பட்ட பிறகும் ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

கேள்வி: நான் திருத்துறைப்பூண்டி பக்கத்தவள். நடவு வேலை குறைந்த பிறகு, ஏஜென்சி வழியாக நோயாளி பார்க்கும் வேலைக்குப் போகிறேன். இப்போது இருக்கும் வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவரைப் பார்க்கிறேன். பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் என் தலையில் வந்துவிட்டன. இரவிலும் தூக்கமில்லை. ஒருநாள் அசதியில் அவர் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். அடிபடவில்லை, ஆனால் எனக்கு அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா? — ஒரு பணியாளர்

பதில்: சென்ற மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்களுடையதைத்தான். நான் முதல் கேள்விக்கு எழுதிய பதிலை அந்த வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள். பெரியவரின் துணி, பாத்திரம், அறை ஆகியவை உங்கள் வேலையில் சேரும். வீட்டார் எல்லோருடையதும் சேராது. இதை ஏஜென்சி முன்னிலையில் எழுதி வாங்குங்கள். தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது நீங்கள் தூங்குவதற்கு இரவில் வேறொருவர் எழ வேண்டும் என்பதைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், இது பெரியவரின் பாதுகாப்புக்காகவும்தான். அவர் சரிந்ததை மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் லேசாக இடித்தாலும் உள்ளே ரத்தம் கசியலாம். தலைவலி, வாந்தி, மயக்கம், வழக்கத்தைவிட அதிகத் தூக்கம் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெளியேறுவதில் தவறில்லை. போகும்போது பெரியவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கப் பிடிக்கும், எந்த மாத்திரையை எதோடு கொடுத்தால் விழுங்குகிறார், மலம் எத்தனை மணிக்குப் போகும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அடுத்து வருபவர் கையில் கிடைக்கும்படி வைத்துவிட்டுப் போங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தாலும் போதும்.